பாஸ் முடிகிற தேதி: ஒரு வெளிநாட்டு மனைவியின் பத்து மாதங்கள்

பதிவைப் பற்றி

சிங்கப்பூரில் எங்கள் சிறு தன்னார்வக் குழு 2022 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரை கையாண்ட ஒரு நிகழ்வின் பதிவு இது. சம்பந்தப்பட்ட பெண்ணின் இசைவோடு எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. வரைவை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். “நான் அழுததை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், அக்கா. அத்தனை வேண்டாம்” என்றார். மூன்றையும் எடுத்துவிட்டேன்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 31. காவிரியின் கடைமடைப் பகுதியில் ஒரு சிற்றூர். பி.காம். படித்தவர். 2017இல் உறவினர் வழியாக வரன் வந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன். பதினோரு வயது மூத்தவர். சரக்கு வேன் ஓட்டுபவர். ஊர்க் கோவிலில் தாலி கட்டி, அங்கேயே பதிவும் செய்தார்கள். வெளிநாட்டவரைத் திருமணம் செய்ய இருக்கும் சிங்கப்பூரர், துணைவருக்கு நீண்டகால வருகை அனுமதி (பாஸ்) கிடைக்க வாய்ப்புண்டா என்று முன்கூட்டியே மதிப்பீடு கேட்டுப் பெறும் ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது இரு வீட்டாருக்குமே தெரிந்திருக்கவில்லை. ஜாதகம் மட்டும் மூன்று இடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

வருகை விசாவில் வந்தார். பிறகு நீண்டகால வருகை அனுமதி கிடைத்தது. முதலில் ஓராண்டு, அதன் பின் இரண்டிரண்டு ஆண்டுகள். 2018இல் மகள் பிறந்தாள். தந்தை குடிமகன் என்பதால் மகள் பிறப்பிலேயே சிங்கப்பூரர். ஈசூன் வட்டாரத்தில் மாமியாரின் மூவறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் நால்வரும் இருந்தார்கள். எல்லைகள் மூடிக்கிடந்த 2020, 2021 ஆண்டுகளில் அவரால் ஊருக்குப் போக முடியவில்லை.

இந்த அனுமதிக்கு ஓர் உள்ளூர் ஆதரவாளர் (ஸ்பான்சர்) வேண்டும். இங்கே ஆதரவாளர் கணவர். புதுப்பிக்கும் விண்ணப்பமும் அவருடைய சிங்பாஸ் எனும் அரசாங்க இணையக் கணக்கு வழியாகத்தான் போகும். ஐந்தாண்டுகளில் இந்தப் பெண் ஒரு விண்ணப்பத்தைக்கூடத் தன் கண்ணால் பார்த்ததில்லை. “அவர் கைப்பேசியில் ஏதோ தட்டுவார். பிறகு கார்டு வரும்” என்றார். வெளிநாட்டு அடையாள எண் உள்ளவர்கள் தங்களுக்கென்று சிங்பாஸ் வைத்துக்கொள்ளலாம். அதுவும் அவரிடம் இல்லை.

முதல் சந்திப்பு: 2022 அக்டோபர் 16

சிராங்கூன் சாலைக்குப் பின்புறத் தெரு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நாங்கள் மேசை போட்டு உட்காருவோம். வருபவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். சம்பள பாக்கி, வேலையிடக் காயம் பற்றிப் பேச வருவார்கள். எங்கள் படிவமும் அவர்களை மனத்தில் வைத்துச் செய்ததுதான். முதல் கேள்வியே “முதலாளி பெயர் என்ன?” அந்தப் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கு முதலாளி இல்லையே. வீட்டுக்காரர் பெயரை எழுதட்டுமா?” என்று கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம்.

கணவர் ஆகஸ்ட் மாதம் வீட்டை விட்டு வெளியேறியிருந்தார். மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் இன்னும் அவர்தான் கட்டிவந்தார். செப்டம்பரில் தொலைபேசியில் அழைத்து, “டிசம்பரோடு உன் பாஸ் முடிகிறது. நான் புதுப்பிக்கப் போவதில்லை. ஊருக்குப் போய்விடு. பிள்ளை என் அம்மாவிடம் இருக்கட்டும்” என்றிருக்கிறார். கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியவில்லை.

அரைமணி நேரம் திருமண வாழ்க்கையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த பிறகுதான் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டேன். டிசம்பர் 2. கையில் 47 நாள்.

கவனித்தவற்றில் சில. பால் வாங்கக் கீழே இறங்கினாலும் அனுமதி அட்டையின் நகல் கைப்பையில் இருந்தது. சமையலறையில் தொங்கும் தினத்தாள் நாள்காட்டியில் டிசம்பர் 2ஆம் தேதித் தாளை மட்டும் முன்கூட்டியே கிழித்துத் தனியாக வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. மகளின் பாலர் பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான படிவம் கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது; நிரப்பாமல் வைத்திருந்தார். பகலில் தூங்கினார், இரவில் விழித்திருந்தார்.

அக்கம்பக்கத்து அறிவுரைகளும் சேர்ந்திருந்தன. “பிள்ளை சிங்கப்பூரர், உன்னை யாரும் அனுப்ப முடியாது” என்றார் ஒருவர். குழந்தையின் குடியுரிமை தாய்க்குத் தங்கும் உரிமையைத் தருவதில்லை. “பேசாமல் இருந்துவிடு, யாரும் தேடி வரமாட்டார்கள்” என்றார் மற்றொருவர். இது அதைவிட ஆபத்தானது. அனுமதி முடிந்து 90 நாள்களுக்குள் பிடிபட்டாலே 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதற்கு மேல் போனால் தண்டனை இன்னும் கடுமை. அந்தப் பதிவு பின்னால் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தொடரும்.

முதலில் எடுத்த முடிவுகள்

ஒரு நாள்கூட அனுமதியின்றி இருக்கக் கூடாது. இதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மற்றவை எல்லாம் விவாதத்துக்கு உள்ளாயின.

அவருடைய அப்பா ஊரிலிருந்து, “பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, மீதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற மனம் வேறென்ன சொல்லும்! ஆனால் குழந்தை இங்கே பிறந்து வளர்ந்த குடிமகள். தந்தை இங்கே இருக்கிறார். குழந்தைக் கடத்தல் தொடர்பான ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2011 முதல் நடப்பில் இருக்கிறது, இந்தியா அதில் சேரவில்லை. தந்தையின் சம்மதமில்லாமல் அழைத்துப் போனால் பிறகு எந்த நீதிமன்றத்திலும் தாயின் பக்கம் பலவீனமாகிவிடும் என்று எங்களுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் எச்சரித்தார். ஊருக்குப் போவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. நாங்கள் விளைவுகளை மட்டும் சொன்னோம். இரண்டு நாள் கழித்து, “நான் போகவில்லை. போனால் அவள் இல்லாமல்தான் போக வேண்டியிருக்கும்” என்றார்.

அடுத்தது பணம். உணவு விநியோகிக்கும் ஒருவர் வீட்டிலிருந்தே முறுக்கு சுற்றித் தரச் சொல்லி, கையில் காசு கொடுப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தோம். முறையான அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ என்பது சட்டம். தடுப்பது எளிது. வளையல் இரண்டு அடகுக்கடைக்குப் போனதைப் பிறகுதான் அறிந்தோம். அதன் பின்பே மாதந்தோறும் மளிகைப் பற்றுச்சீட்டுக்கு ஏற்பாடு செய்தோம்.

எங்களில் இளையவர் ஒருவர், இந்தக் கதையைச் சமூக ஊடகத்தில் எழுதினால் நெருக்கடி பிறந்து வேலை நடக்கும் என்று வாதிட்டார். நான் எதிர்த்தேன். தமிழர் வட்டம் சிறியது. பெயர் போடாவிட்டாலும் நாலு நாளில் எந்த புளோக், எந்த வீடு என்று தெரிந்துவிடும். அந்த நான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். மேலும், கணவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நாள் ஒன்று வரும். ஊரறிய அவமானப்பட்டவர் அந்த மேசைக்கு வரமாட்டார். இளையவர் இன்றும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நவம்பர்: முதல் கடிதம்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதக் காரணம், பிழை எங்களுடையது என்பதே.

குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்துக்கு நான்கு பக்க மனு ஒன்றை ஆங்கிலத்தில் தயாரித்தோம். உணர்ச்சியோடு எழுதினோம். கணவரின் குற்றங்கள் இரண்டரைப் பக்கம். மகள் மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் வருகிறாள். பள்ளி, தடுப்பூசி, யார் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு ஒரு தாள்கூட இணைக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒரு சொல்லில் நடந்தது. முதல் நாள் அந்தப் பெண், “அவர் எங்களை விட்டுவிட்டார்” என்றார். வீட்டுக்கு வருவதில்லை, பேசுவதில்லை என்பது அதன் பொருள். எங்கள் தொண்டர் அதை, குடும்பத்தை அடியோடு கைவிட்டு, ஒரு காசும் கொடுக்காமல் போய்விட்டார் என்று பொருள்படும் சட்டச் சொல்லாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். நானும் படித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கினேன். கணவரோ கட்டண ரசீதுகளை வைத்திருந்தார். பின்னாளில் நீதிமன்றச் சமரசப் பேச்சில் அவர் முதலில் எடுத்து வைத்தது அந்த ரசீதுகளைத்தான். பொய் சொல்லாத ஒரு பெண் பொய் சொன்னவர்போல நிற்க நேர்ந்தது. தான் எதில் கையெழுத்திட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மனு ஏற்கப்படவில்லை. இன்று அதைப் படிக்கும்போது வேறு பதிலை எதிர்பார்த்தது எப்படி என்று தோன்றுகிறது.

மாமியார்

கணவரின் தாயை நாங்கள் முதல் ஐந்து வாரம் அணுகவே இல்லை. மாமியார் என்றால் மகன் பக்கம்தான் என்று தீர்மானித்துவிட்டோம். இந்தப் பெண்ணிடமும், “அத்தையிடம் எதுவும் சொல்லாதீர்கள்” என்று சொல்லி வைத்திருந்தோம். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த எங்களுக்கு இந்த முன்முடிவு வந்திருக்கக் கூடாது.

நவம்பர் கடைசி வாரம், ஒரு காலை, மாமியார் அரிசி வாளிக்குள் கைவிட்டு நெகிழிப் பையில் சுற்றிய கடவுச்சீட்டை எடுத்து மருமகளிடம் நீட்டினார். மகன் எடுத்துப் போக வந்தபோது ஒளித்து வைத்தது. “கேட்பாய் என்று பார்த்தேன், கேட்கவே இல்லையே” என்றாராம். அவருக்கு அப்போது வயது 67. வெளிப்படையாக மகனை எதிர்க்கவும் அவருக்கு மனமில்லை. பேத்தியின் தாயை அனுப்பவும் மனமில்லை.

அன்று மாலை அவரைச் சந்தித்தேன். தேநீர் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நான் கையெழுத்துப் போட்டால் என் மகனை போலீஸ் பிடிக்குமா?” பிடிக்காது என்று விளக்கினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

டிசம்பர் முதல் மே வரை: முப்பது நாள் முப்பது நாளாக

நவம்பர் 29 அன்று லவெண்டர் எம்ஆர்டி அருகில் உள்ள ஆணையக் கட்டடத்துக்கு நேரில் போனோம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மாமியாரின் அடையாள அட்டை, நீதிமன்றத்தை அணுகவிருப்பதைச் சொல்லும் வழக்கறிஞர் கடிதம் ஆகியவற்றைக் காட்டினோம். குறுகியகால அனுமதியாக 30 நாள் கிடைத்தது. ஆதரவாளர் மாமியார். பின்னர் அது சிறுசிறு கால அளவுகளாக நீண்டது.

முப்பது நாளில் வாழ்வது எப்படி என்பதை எந்த மனுவிலும் சரியாக எழுத முடியவில்லை. முதல் பத்து நாள் நிம்மதி. அடுத்த பத்து நாள் தாள்கள் சேர்ப்பது. கடைசிப் பத்து நாள் தொலைபேசி அடித்தாலே வயிறு கலங்குவது. நூலகத்தில் மகளுக்குக் கதைப்புத்தகம் எடுத்தால்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி பாஸ் தேதிக்கு முன்னா பின்னா என்று பார்ப்பாராம். மகள் சோபாவைக் கவுண்டராக்கி, பொம்மைகளுக்கு வரிசை எண் கொடுத்து, தாளில் முத்திரை குத்தி விளையாடினாள். ஒரு கரடி பொம்மைக்கு மட்டும் “நாளைக்கு வா” என்று சொல்லிவிட்டாள்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு இரண்டு முறை போனார்கள். முதல் முறை நான் உடன் போய் நானே பேசினேன். இரண்டாம் முறை மாமியாரும் மருமகளும் மட்டும் போனார்கள். எழுதித்தர அமர்ந்திருந்த தொண்டரிடம் இந்தப் பெண்ணே பேசினார்; தடுமாறிய இடத்தில் மாமியார் மலாயும் ஆங்கிலமும் கலந்து முடித்துவைத்தார். ஆதரவுக் கடிதம் போனது. அது முடிவைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் கோப்பை மறுபடி ஒருமுறை திறக்க வைக்கும்.

நீதிமன்றம்

அரசாங்கச் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது, இவருக்குக் கிடைக்காது. ஊதியம் வாங்காமல் வழக்கறிஞர் ஒருவர் முன்வந்தார். மணவிலக்கு கேட்க வேண்டாம் என்பது அந்தப் பெண்ணின் உறுதியான நிலை. மணவிலக்கு இல்லாமலே பிள்ளையின் பராமரிப்புப் பொறுப்பைக் கேட்கச் சிறார் பாதுகாவலர் சட்டம் இடம் தருகிறது. மனைவிக்கும் பிள்ளைக்குமான பராமரிப்புத் தொகையை மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ் கேட்கலாம். இரண்டுக்கும் அவர் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. ஜனவரியில் மனுக்கள் தாக்கலாயின.

சமரசப் பேச்சுகளில் கணவரின் பயமும் வெளியே வந்தது. மனைவிக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்தால் அம்மாவின் வீட்டில் பங்கு கேட்பார் என்று நண்பர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவருக்குக் கடனும் இருந்தது. நாங்கள் நான்கு பக்கத்தில் வரைந்த கொடியவர் அந்த அறையில் இல்லை; களைத்துப்போன, பிடிவாதக்காரரான ஒரு மனிதர் இருந்தார். ஜூன் மாதம் இணக்க ஆணை பிறந்தது. பெற்றோர் பொறுப்பு இருவருக்கும். அன்றாடப் பராமரிப்பு தாயிடம். சனிக்கிழமைகளில் தந்தை பிள்ளையைப் பார்க்கலாம். மாதம் 600 வெள்ளி.

இரண்டாம் கடிதம்

இம்முறை முறையை மாற்றினோம். முதலில் அவரே தமிழில் எழுதினார், கைப்பட, ஒரு நோட்டில். அதை ஒருவர் ஆங்கிலமாக்கினார். வேறொருவர் அந்த ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மறுபடி தமிழில் வாய்விட்டுச் சொல்ல, அவர் கேட்டுத் திருத்தினார். ஒரு பக்கம்தான். கணவரைப் பற்றி இரண்டே வரி. மீதி எல்லாம் மகள். காலையில் பள்ளிக்கு அழைத்துப் போவது யார், சளி பிடித்தால் பாலிகிளினிக்கில் உட்கார்ந்திருப்பது யார், வீட்டில் என்ன மொழி பேசுகிறாள், அடுத்த ஆண்டு எந்த வகுப்பு. இணைப்பில் குழந்தையின் மருத்துவப் பதிவேட்டின் நகல், ஆசிரியரின் கடிதம், மாமியாரின் ஒப்புதல், நீதிமன்ற ஆணை, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கோப்பில்.

விளைவு

2023 ஆகஸ்டில் ஓராண்டு நீண்டகால வருகை அனுமதி கிடைத்தது. ஆதரவாளர் மாமியார். பிறகு மனிதவள அமைச்சின் வேலை இசைவும் கிடைத்து, ஒரு காய்கறி மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதச் சேர்ந்தார். முதல் சம்பளத்தில் ஒரு வளையலை மீட்டார். மற்றது முழுகிப்போயிருந்தது.

வாதாடியதால் கிடைத்தது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எதனால் கிடைத்தது என்று முடிவெடுத்தவர்கள் எங்களுக்கு விளக்கவில்லை. முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் இடையே நீதிமன்ற ஆணை வந்தது, ஆதரவாளர் கிடைத்தார், தாள்கள் ஒழுங்காயின. எங்கள் குரலின் உரத்தைவிட அந்தப் பிளாஸ்டிக் கோப்பு அதிக வேலை செய்தது என்று நான் நம்புகிறேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

படிவத்தின் முதல் கேள்வி இப்போது “அனுமதி முடியும் தேதி என்ன?” இரண்டாவது “கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது?” முதலாளி மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார்.

வந்தவரின் சொல்லைத் தமிழிலேயே எழுதி, அவரே படித்துப் பார்க்காமல் எந்த ஆங்கிலத் தாளிலும் கையெழுத்து வாங்குவதில்லை. இதனால் ஒவ்வொரு வழக்கும் இரண்டு நாள் தாமதமாகிறது. ஆகட்டும்.

யார் எதிரி, யார் துணை என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. மாமியாரிடம் அக்டோபரிலேயே பேசியிருந்தால் முதல் மனுவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தூக்கமின்மையை நாங்கள் முதல் நாளே கண்டோம். ஆனால் மனநல ஆலோசகரிடம் அனுப்பியது பிப்ரவரியில். தேதிகளைத் துரத்திக்கொண்டிருந்ததால் என்று எங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இதற்கு நல்ல பதில் எதுவும் என்னிடம் இல்லை.

இப்போதைய நிலை

அனுமதி ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அவரிடம் இப்போது சொந்தமாக சிங்பாஸ் இருக்கிறது. கோப்பும் அவரிடமே இருக்கிறது. மாமியாருக்கு வயது 70 ஆகிறது, முழங்கால் வலி. பெற்றோருக்கு ஆதரவாளராகப் பிள்ளைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த மகளுக்கு அது 2039இல். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு இன்னோர் ஆதரவாளரைத் தேடி வைக்க வேண்டும் என்று கோப்பின் முதல் தாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து புளோக்கில் இருக்கும் கணவரின் அக்காளிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் உடன் வரட்டுமா என்று கேட்டேன். முதலில் தானே போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.